தாங்கும் கழுத்து

கெடா மாநிலத்தில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில் அமைந்த பட்டணம் குருண். ஒரு காலத்தில் இப்பட்டணத்தைச் சுற்றிலும், பீடோங், சுங்கை பட்டாணி வரையிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இன்று அவற்றுள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று மாலை வேளையில் பந்து விளையாடத் திடலுக்குப் போகிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்திற்கும் போகிறார்கள்.

அக்கூடங்களில் இளைஞர் பலர் விரும்பிச் செய்வது தோள் உயர்த்தும் பயிற்சி. இரு கைகளிலும் கனமான இரும்பைப் பிடித்துக்கொண்டு, தோள்களைக் காதுவரை உயர்த்தி இறக்குகிறார்கள், கண்ணாடியில் பார்க்கிறார்கள், மீண்டும் உயர்த்துகிறார்கள். கழுத்து தடித்து, அதன் இருபுறமும் தசை மேடிட்டு நிற்க வேண்டும் என்பதே அவர்களின் ஆசை. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கோ இது வேடிக்கையாகத் தெரிகிறது. “நாங்களெல்லாம் ஜிம்முக்கா போனோம்? காண்டா தூக்கினோம், உடம்பு தானாக உரமேறியது,” என்கிறார்கள். பெரிய கழுத்தே பலமான கழுத்து என்கிறான் பேரன். பாடுபட்டால் போதும், பயிற்சி எதற்கு என்கிறார் தாத்தா. இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை இருவருமே கவனிக்கவில்லை.

முதலில் தாத்தாவின் வாதத்தை ஆராயலாம். பால்மரம் வெட்டுவோர் பொழுது விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றனர். மரத்தின் தாழ்வான பகுதியை வெட்டும்போது தலை குனிந்தது; உயரமான பகுதியை வெட்டும்போது அண்ணாந்தது. மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் மாட்டித் தோளில் சுமந்து சென்றனர். ஆண்களைப் போலவே பெண்களும் இப்பாரத்தைச் சுமந்தனர். காண்டா என்பது ‘கண்டார்’ எனும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. இதே கம்பில் சோற்றையும் குழம்பையும் சுமந்து பினாங்குத் தெருக்களில் விற்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களால்தான் ‘நாசி கண்டார்’ என்ற பெயரே தோன்றியது. மலேசியத் தமிழர்களின் தோளுக்கும் இந்தக் கம்புக்கும் அத்தனை நெருங்கிய உறவு உண்டு.

அந்தச் சுமை தோளுக்கு உரமேற்றியது உண்மை. எனினும், அது பயிற்சியன்று, பிழைப்பு. பயிற்சிக்கு ஓர் அளவு உண்டு. தசை தேறத் தேறத்தான் பாரம் கூட்டப்படும். காண்டாவின் பாரத்தை மரத்துப் பால்தான் முடிவுசெய்தது. பயிற்சிக்கு ஓய்வுநாள் உண்டு. பால்வெட்டுக்கு மழைதான் ஓய்வு தந்தது, அன்றைய கூலியையும் அதுவே பறித்தது. பயிற்சி உடலின் இருபுறத்தையும் சமமாக வளர்க்கும். கம்போ பழகிய தோளிலேயே நாள்தோறும் ஏறியது. அதனால்தான் அந்தத் தலைமுறையினர் பலரிடம் தோளில் காய்ப்பையும், முதுமையில் கழுத்துவலியையும், வளைந்த முதுகையும் காண முடிகிறது. பெரியவர்களின் உழைப்பைப் போற்றுவது கடமை. அதற்காக, அந்த உழைப்பு அவர்களின் உடலிலிருந்து எடுத்துக்கொண்ட விலையை மறைப்பது நன்றியாகாது.

இனி, பேரனின் வாதம். கழுத்தும் மேல்முதுகும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிந்தால் அவன் தவறவிட்டது புலப்படும். வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் எடையுள்ளது. அதனை ஏழு சிறிய முள்ளெலும்புகள் தாங்குகின்றன. அவ்வெலும்புகளை நிமிர்த்திப் பிடித்திருப்பவை சுற்றியுள்ள தசைகளே. காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசைகள் தலையைத் திருப்பவும் முன்னே தாழ்த்தவும் உதவுகின்றன. பின்புறத்தில் உள்ளது சரிவகத் தசை. மண்டையோட்டின் அடியிலிருந்து நடு முதுகுவரை இறங்கி, இரு தோள்களுக்கும் விரியும் பெரிய தசை இது. இதன் மேற்பகுதியையே இளைஞர்கள் ‘டிராப்ஸ்’ என்று அழைத்துக் கண்ணாடியில் தேடுகிறார்கள். உண்மையில் அது தசையின் மூன்றிலொரு பகுதிதான். நடுப்பகுதி தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுக்கிறது. கீழ்ப்பகுதி அவற்றைக் கீழே இருத்துகிறது. மேற்பகுதியை மட்டும் வளர்த்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், தோள் எப்போதும் தூக்கிக்கொண்டே நிற்கும். பார்ப்பதற்கு மிடுக்காகத் தோன்றலாம், தாங்குவதற்கு உதவாது.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பளுவை நிறையத் தூக்கினால் கழுத்தும் தானாக வலுப்பெறும் எனப் பலர் கருதுகின்றனர். 1997-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனைச் சோதித்தது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் 12 வாரங்கள் பளுதூக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தனர். மற்றொரு பிரிவினர் அவற்றோடு, எதிர்ப்புக்கு எதிராகத் தலையைப் பின்னுக்குத் தள்ளும் பயிற்சியையும் செய்தனர். இரண்டாம் பிரிவினரின் கழுத்துத் தசை 13 விழுக்காடு பெருத்தது. முதற்பிரிவினரின் கழுத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆக, தோளுக்குச் செய்யும் பயிற்சி கழுத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. கழுத்துக்கென்று தனியே, மென்மையாக, பொறுமையாகச் செய்தால்தான் பயன் கிட்டும்.

கழுத்தின் வலிமை எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு மலேசியாவிலேயே வியப்பூட்டும் சான்று உண்டு. ‘ராஜா கீகி’, அதாவது பற்களின் அரசர் என்று அழைக்கப்படும் வேலு ராதாகிருஷ்ணன், 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் 260.8 டன் எடையுள்ள தொடர்வண்டிகளைப் பற்களால் கடித்து 4.2 மீட்டர் தூரம் இழுத்தார். அச்செயல் கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களுக்கு உராய்வு மிகக் குறைவு என்பதால், அந்த எடையில் ஒரு சிறு பங்கே இழுவிசையாகத் தேவைப்படும். ஆயினும், கால்கள் எழுப்பிய விசை முழுவதும் முதுகு, கழுத்து, தாடை வழியாகவே கயிற்றைச் சென்றடைந்தது. அவரிடமிருந்து மாணவர்கள் கற்க வேண்டியது பற்களால் இழுப்பதையன்று. அத்தகைய முயற்சி பெரும் ஆபத்தானது. இடையில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். மனித உடலில் அத்தகைய கண்ணியே கழுத்து என்பதைத்தான் அவர்கள் உணர வேண்டும்.

பந்தயக் கார் ஓட்டுநர்களும் இதனை நன்கு அறிவர். 2001-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கிய முதல் மலேசியர் அலெக்ஸ் யோங். அத்தகைய கார்கள் விரைவாக வளைவுகளில் திரும்பும்போது, புவியீர்ப்பைப் போல் நான்கைந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறு கிலோகிராமுக்கு மேல் எனக் கொண்டால், ஐந்து மடங்கு விசையில் கழுத்து எதிர்கொள்வது முப்பது கிலோகிராமுக்கும் மேற்பட்ட பாரம். ஒரு பந்தயத்தில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழும். ஆகவே, அவ்வோட்டுநர்கள் கழுத்துப் பயிற்சியைத் தங்கள் தொழிலின் பகுதியாகவே கருதுகின்றனர்.

மாணவர்கள் எல்லாரும் தொடர்வண்டி இழுக்கப் போவதில்லை. பந்தயக் கார் ஓட்டப் போவதுமில்லை. ஆனால், அவர்களும் நாள்தோறும் பாரம் சுமக்கிறார்கள். அந்தப் பாரம் திறன்பேசியின் வடிவில் வருகிறது. கென்னத் ஹன்ஸ்ராஜ் எனும் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர், 2014-இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். நிமிர்ந்த நிலையில் ஏறத்தாழ ஐந்து கிலோகிராமாக உள்ள பாரம், தலையை 30 பாகை குனிந்தால் 18 கிலோகிராமாகவும், 60 பாகை குனிந்தால் 27 கிலோகிராமாகவும் கழுத்தின்மீது ஏறுகிறது. குனிந்த உடனே கழுத்து கெட்டுவிடும் என்பது இதன் பொருளன்று. அன்றாடம் மணிக்கணக்கில் ஒரே நிலையில் குனிந்திருக்கும் கழுத்துக்கு, அந்தப் பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும் என்பதே பொருள். தாத்தா மங்கைப் பார்த்துக் குனிந்தார். பேரன் திரையைப் பார்த்துக் குனிகிறான். தாத்தா அடுத்த மரத்துக்கு நடந்தபோதாவது தலை நிமிர்ந்தார். பேரனுக்கு அதுவும் இல்லை.

விளையாட்டில் இறங்கும் மாணவர்களுக்குக் கழுத்தின் வலிமை ஒரு பாதுகாப்பும் ஆகும். பந்தைத் தலையால் முட்டும்போதோ, எதிராட்டக்காரரோடு மோதி விழும்போதோ தலை சட்டென்று அசைந்தால் மூளை அதிர்ச்சி ஏற்படலாம். அமெரிக்காவில் 6,704 உயர்நிலைப்பள்ளி விளையாட்டாளர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கழுத்தின் வலிமை ஒவ்வொரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோகிராம், கூடும்போதும் மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பு 5 விழுக்காடு குறைவதாகக் கூறியது. இங்குச் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. பொதுவாக மாணவிகளின் கழுத்து வலிமை மாணவர்களுடையதைவிடக் குறைவு; ஒரே வகை விளையாட்டில் அவர்களுக்கே மூளை அதிர்ச்சி மிகுதியாக ஏற்படுகிறது. அவ்வாறிருந்தும், கழுத்துப் பயிற்சி என்றாலே அது ஆண்பிள்ளைகளின் விஷயம் எனச் சமூகம் எண்ணுகிறது. காண்டா சுமந்த பாட்டிகளின் பேத்திகளை அப்படி ஒதுக்குவது நியாயமன்று.

ஆதலால், கழுத்துக்கும் மேல்முதுகுக்கும் முறையான வலுப்பயிற்சி எல்லா மாணவர்க்கும் தேவை. அது பள்ளியிலேயே தொடங்க வேண்டும். 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி அதில் இடம்பெற வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. உடற்கல்வி வேளையில் கால்களுக்கு ஓட்டம் உண்டு. வயிற்றுக்கும் கைகளுக்கும் பயிற்சிகள் உண்டு. கழுத்துக்கோ பெரும்பாலும் தலையை இடமும் வலமும் திருப்புவதோடு கதை முடிந்துவிடுகிறது. திருப்புதல் தசையைத் தளர்த்தும், வலுப்படுத்தாது.

இதற்குப் பெருஞ்செலவு ஆகும் எனச் சிலர் தயங்கலாம். ஆனால், இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி கையும் தலையும் ஒன்றையொன்று ஐந்து முதல் பத்து விநாடி மெதுவாகத் தள்ளலாம். பிறகு பின்தலை, இடப்புறம், வலப்புறம் எனத் தொடரலாம். தோளுக்கும் மேல்முதுகுக்கும் ஒரு நெகிழ்வுப் பட்டை போதும். அதனைக் காலால் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள்மட்டம் வரை உயர்த்தலாம்; தூணில் மாட்டி, தோள்பட்டைகள் நெருங்கும்படி பின்னுக்கு இழுக்கலாம். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலியால் அடிக்கடி அவதிப்பட்ட 198 அலுவலகப் பணியாளர்களிடம் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இத்தகைய பட்டையைக் கொண்டு நாளுக்கு இரண்டு நிமிடம் பயிற்சி செய்தவர்களுக்கும் பத்து வாரங்களில் வலி குறைந்தது. இரண்டு நிமிடம் இல்லாத பள்ளி எங்கும் இல்லை.

பெற்றோர் சிலருக்கு வேறொரு அச்சம் உண்டு. இளவயதில் பாரம் தூக்கினால் பிள்ளை வளராது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தேர்ந்த பயிற்றுநரின் கண்காணிப்பில் சரியான முறையில் செய்யும் வலுப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2020-இல் தெளிவுபடுத்தியுள்ளது. வளர்ச்சியைக் கெடுப்பது வேறொன்று. இணையத்தில் காணும் பெருத்த கழுத்தும் தோளும் எல்லாம் பயிற்சியால் மட்டும் வந்தவை அல்ல. சிலவற்றின் பின்னால் ஊக்கமருந்து உள்ளது. தசையைப் பெருக்கும் அம்மருந்துகள், வளரும் வயதினரின் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடக் கூடியவை. படத்தைப் பார்த்து ஏங்கும் மாணவனுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்டு.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இப்பயிற்சிக்கு மிகவும் பொருந்தும். மற்ற தசைகளை வருத்துவதுபோல் கழுத்தை வருத்தக் கூடாது. தலையைத் தரையில் ஊன்றி உடலை வில்லாக வளைக்கும் மல்லர் பயிற்சியைப் பயிற்றுநர் இன்றிச் செய்வது ஆபத்து. தலையை வெட்டி இழுத்து அசைப்பதும், நண்பர்களோடு போட்டியிட்டுப் பாரம் கூட்டுவதும் கூடா. கையில் மரமரப்போ, தலைசுற்றலோ, தோளிலிருந்து விரல்வரை பரவும் வலியோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையிடையே ஓய்வு, வயிறார நல்லுணவு, போதிய உறக்கம் ஆகியவை இருந்தால்தான் தசை வளரும். தோட்டத்துத் தாத்தாவுக்குக் கிடைக்காதவையும் இவைதாம்.

தமிழர் மரபும் இந்த அளவறிந்த வலிமையைப் பேணியே வந்துள்ளது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இளவட்டக்கல் எனும் உருண்டைக் கல்லை இளைஞர்கள் முழங்காலுக்கும் மார்புக்கும் படிப்படியாக ஏற்றி, தோளின்மேல் கொண்டுசென்று பின்னால் விடுவர். கல்லின் பாரம் முழுவதையும் கழுத்தும் சரிவகத் தசையும் ஒரு கணம் ஏற்கும். கர்லாக்கட்டை சுழற்றுவோர் கட்டையைத் தலைக்குப் பின்னே வட்டமிடும்போது தோளின் எல்லாப் பக்கமும் வேலை செய்கிறது; வலக்கையில் சுழற்றியதை இடக்கையிலும் சுழற்ற வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. சிறிய கட்டையில் தொடங்கியே பெரிய கட்டைக்குச் செல்ல வேண்டும் என்பது ஆசானின் கட்டளை. இக்கால உடற்பயிற்சி அறிவியல் வலியுறுத்தும் சமநிலையும் படிப்படியான ஏற்றமும் அந்தக் களத்திலேயே இருந்தன.

தமிழில் ஒருவருக்குத் துணை நிற்பதைத் தோள் கொடுத்தல் என்கிறோம். துணிவோடு நிற்பதைத் தலை நிமிர்தல் என்கிறோம். இரண்டுமே பருமனைக் குறித்த சொற்கள் அல்ல, தாங்குவதைக் குறித்தவை. குருண் வட்டாரத்துத் தோட்டங்களில் தலை நிமிர நேரமின்றிப் பாரம் சுமந்தவர்கள், தங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றுதான் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் கண்ணாடிக்காக மட்டும் கழுத்தைப் பெருக்கிக்கொள்வதும், திரைக்கு முன் அதனைத் தளரவிடுவதும் அந்த விருப்பத்துக்கு ஈடாகா.

பயிற்சிக்குப் பயன்படும் நெகிழ்வுப் பட்டைகளில் பல, இயற்கை ரப்பரால் செய்யப்படுபவை. தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் சீவி எடுத்து, காண்டாவில் சுமந்து வந்த அதே பால்தான் அது. அன்று அவர்களின் தோளை அழுத்திய அப்பால், இன்று பேரப்பிள்ளைகளின் தோளை நிமிர்த்தப் பயன்படட்டும். அதற்கு நாளுக்குச் சில நிமிடங்களும், அளவறிந்த முயற்சியும், வழிகாட்டும் ஆசிரியரும் இருந்தால் போதும்.